தண்ணீருக்கு மூன்று சுழி

எனக்கு ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு கொடுத்தார்கள். கொடுத்தார்கள், அவ்வளவுதான். நான் அதை வாங்கிக்கொண்டதாக எந்தத் தாளிலும் எழுதிக் கொடுக்கவில்லை. மாலை போட்டார்கள். சுவர்க் கடிகாரம் ஒன்று தந்தார்கள். தலைமையாசிரியை என்னைப் பற்றி ஆறு நிமிஷம் பேசினார். அதில் மூன்று இலக்கணப் பிழைகள். (எண்ணவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். எண்ணினேன்.)

அறுபதுகளின் தொடக்கம் அது. பெங்களூர் நீலசந்திராவில் ஒரு சந்துக்குள் மகன் மோகனோடும் மருமகள் விமலாவோடும் குடியிருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்புக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவள். ஓய்வுக்கு மறுநாள் காலையில் குளித்து, புடவையை மடித்துக் கட்டி, பைக்குள் சாக்பீஸ் டப்பாவும் சிவப்புப் பென்சிலும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு வாசல் வரை வந்த பிறகுதான், போக இடமில்லை என்பது நினைவுக்கு வந்தது.

சிவப்புப் பென்சில் சும்மா இருக்குமா? முதல் வாரம் மளிகைச் சீட்டைத் திருத்தினேன். இரண்டாம் வாரம், வந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திருத்தி, பெண்ணின் தகப்பனாருக்கே தபாலில் திருப்பி அனுப்பினேன். (கல்யாணத்தில் எங்களுக்குத் தாம்பூலம் தரவில்லை.) மூன்றாம் வாரம், விமலா தன் அம்மாவுக்கு எழுதி மேஜை மேல் வைத்திருந்த கடிதத்தின் அடியில் 'கையெழுத்து அழகு, வாக்கியம் நீளம்' என்று குறிப்பு எழுதி வைத்தேன். அன்று சாயங்காலம் மோகன் என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"அம்மா, வீடு வீடா இருக்கட்டும். இத இஸ்கூல் ஆக்காத."

சரி என்று தெருவுக்குப் போனேன். ஆகவே பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் மோகன்தான் என்பது என் கட்சி. இன்றுவரை அதில் மாற்றமில்லை.

எங்கள் சந்து முழுவதற்கும் ஒரே ஒரு குழாய். தண்ணீர் எப்போது வரும் என்று அதற்கே தெரியாது. விடியும் முன்பே குடங்கள் வரிசையில் வந்து நிற்கும். பெண்கள் சுவரோரம் குந்தியிருப்பார்கள். சித்தாள் வேலைக்கும், பங்களாக்களில் பாத்திரம் தேய்க்கவும் போகிறவர்கள். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் அப்படியே வீணாகப் போகும். மற்றவர்கள் கண்ணுக்கு அது தண்ணீர் வரிசை. என் கண்ணுக்கு அது ஆசிரியர் வராத வகுப்பு. போதாக்குறைக்கு, எதிரிலேயே முப்பது நாற்பது மண்குடங்கள், கன்னங்கரேலென்று. கரும்பலகை தட்டையாகத்தான் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

முதல் எழுத்தை அஞ்சலையின் குடத்தில் எழுதினேன். அஞ்சலை சித்தாள்; அவள் சாதாரணமாகப் பேசினாலே இரண்டு தெருவுக்குக் கேட்கும்.

"டீச்சரம்மா! என் கொடத்துல இன்னாத்துக்குக் கிறுக்கறீங்க?"

"கிறுக்கல. இது 'அ'. உன் பேரோட முதல் எழுத்து."

குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மிச்சப் பேரு எங்க?"

"நாளைக்கு."

"நாளைக்கு மிச்சத்த எழுதலன்னா பேஜாராயிடும், சொல்லிட்டேன்."

அப்படித்தான் பள்ளிக்கூடம் ஆரம்பித்தது. குடத்துக்கு ஓர் எழுத்து. குடங்களை இடம் மாற்றி வைத்தால் வார்த்தை. இந்த முறையைக் கண்டுபிடித்த இரவு எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன். காலையில் அடிதடி. 'பட்டம்' என்ற வார்த்தைக்காக ஒருத்தியின் குடத்தை எடுத்து மூன்று குடம் பின்னால் வைத்துவிட்டேன். "அஞ்சு மணிக்கு வந்தவ நானு. உங்க பட்டம் பறக்கறதுக்கு நான் பின்னாடி போகணுமா?" என்று அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து வார்த்தைக்குச் சுவரோரம் தனி வரிசை. தண்ணீர் வந்ததும் குடம் அதனதன் இடத்துக்குப் போய்விடவேண்டும் என்று விதி செய்தேன். ஆறே மாதத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்கள். அஞ்சலை தெருவில் போகும்போது கடைப் பலகைகளை எல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே போவாள். கடைக்காரர்கள் கூப்பிடுகிறாளோ என்று எட்டிப் பார்ப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சந்துக்கு இரண்டாவது குழாய் வந்தது. போடும் வேலையை எடுத்தவர் ஒரு கான்ட்ராக்டர். அவரிடம்தான் மோகன் சூப்பர்வைசர். அதுவும் தற்காலிகம், வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் முதலாளியின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. விமலாவுக்கு அப்போது ஆறாம் மாதம். அந்தக் கடிதத்தை வீடே சாமி படம்போல நினைத்துக்கொண்டிருந்தது.

திறப்புவிழாவுக்கு வார்டு மெம்பர் வருவதாக ஏற்பாடு. முதல் நாள் மோகன் முகம் சரியாக இல்லை. கடைசியில் வாயைத் திறந்தான்.

"அம்மா, மெயின் பைப்போட இன்னும் சேக்கல. தேதி குடுத்தாச்சு, மாத்த முடியாதுங்கறாரு மொதலாளி. பின்னாடி செவுத்து மேல ஒரு டிரம் வெச்சிருக்கோம். மெம்பர் தெறந்தா அதுலேந்து வரும். பத்து நாள்ல நெஜமாவே சேத்துடுவோம். நாளைக்கு மட்டும் நீ ஒண்ணும் பண்ணாத. தயவுசெஞ்சு சும்மா இரு."

"டிரம்முக்குத் தண்ணி எங்கேந்துடா?"

கேட்டதும் எனக்கே விளங்கிவிட்டது. அன்று காலை குழாயடியில் ஆளுக்கு ஒரு குடம் தண்ணீரைக் கான்ட்ராக்டரின் ஆட்கள் வாங்கிப் போயிருந்தார்கள். 'விழா வேலை' என்று சொன்னார்களாம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் விமலா கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருப்பதாக வாக்குக் கொடுத்தேன். (சும்மா இருப்பது என்றால் என்ன என்பதில் எனக்கும் மோகனுக்கும் எப்போதும் கருத்து வேறுபாடு உண்டு.) சாயங்காலம் போய்ச் சுவரோரம் ஐந்து குடங்களில் 'நல்வரவு' என்று மட்டும் எழுதி வைத்துவிட்டு வந்தேன். வரவேற்பதில் என்ன தப்பு?

மறுநாள் தோரணம், சாமியானா, நாதஸ்வரம். என்னைக் கூட்டத்தின் கடைசியில் ஒரு தூணுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தான் மோகன். மெம்பர் கன்னடக்காரர், நல்ல உயரம், வெள்ளை ஜிப்பா. குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. வெள்ளி டம்ளரில் பிடித்து ஒரு வாய் குடித்தார். குழாயை யாரும் மூடவில்லை. எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன், வெட்கக்கேடு.

அப்புறம் அவர் பார்வை சுவரோரம் திரும்பியது. என் பார்வையும் கூடவே போனது. அங்கே ஐந்து குடம் இல்லை, ஏழு குடம். என் 'நல்வரவு' துடைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாக, கோணல்மாணலாக, ஆனால் பெரிதாக, ஏழு எழுத்துகள்:

தன்னீர் எங்கே

கான்ட்ராக்டர் படித்துவிட்டார். மோகன் படித்துவிட்டான். சுவரோரம் பெண்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். அஞ்சலை மட்டும் நேராகப் பார்த்தாள்.

"ஏனு பரெதித்தாரே?" என்று கேட்டார் மெம்பர். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று. அவருக்குத் தமிழ் படிக்க வராது!

"ஸ்வாகத, சார்! தமகெ ஸ்வாகத!" என்றார் கான்ட்ராக்டர், நெற்றியைத் துடைத்துக்கொண்டே. நல்வரவு என்று. மெம்பர் மகிழ்ந்துபோய்க் குடங்களைப் பார்த்துக் கும்பிட்டார். மோகனுக்குப் போன உயிர் திரும்பி வந்ததை நான் தூரத்திலிருந்தே பார்த்தேன். ஆபத்து தாண்டிவிட்டது. கடிதம் பிழைத்தது. இன்னும் இரண்டு நிமிஷம் நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் போதும்.

நின்றிருப்பேன். சத்தியமாக நின்றிருப்பேன். ஆனால் அந்த 'ன்'! அடுத்து அந்த 'னீ'! தண்ணீருக்கு இரண்டு சுழி! ஆறு மாதம் நான் சொல்லிக் கொடுத்த வகுப்பு, ஊர்ப் பெரியவர்களுக்கு முன்னால், இரண்டு சுழியில் தண்ணீர் கேட்டுக்கொண்டு நிற்கிறது. காதுக்குள் யாரோ ஆணியால் தகரத்தைக் கீறுவது போலிருந்தது. கால்கள் தாமாக நடந்தன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன், முந்தானையைக் குழாய் நீரில் நனைத்தேன், இரண்டாவது குடத்தையும் மூன்றாவது குடத்தையும் துடைத்தேன், பையிலிருந்து சாக்பீஸை எடுத்து 'ண்' போட்டேன், 'ணீ' போட்டேன். நிமிர்ந்து, "தண்ணீருக்கு மூணு சுழி, அஞ்சலை! ஏழுக்கு அஞ்சு மார்க்" என்றேன்.

நாதஸ்வரம் நின்றுபோயிருந்தது.

"தண்ணிக்கு எத்தினி சுழி போட்டா இன்னா டீச்சரம்மா," என்றாள் அஞ்சலை, "கொழாய்ல வரணுமே!"

மெம்பர் என்னிடம் வந்தார். எதை அழித்தேன், ஏன் அழித்தேன் என்று கன்னடத்தில் மரியாதையாகக் கேட்டார். ஒரு மாணவர் கேள்வி கேட்கிறார். நான் எப்படிப் பொய் சொல்வேன்? குடத்துக்குக் குடம் விரல் வைத்துப் படித்துக் காட்டி, "'நீரு எல்லி' அந்த அர்த்த, சார்" என்றேன். தண்ணீர் எங்கே என்று பொருள்.

"நீரு பந்த்தல்லம்மா?" தண்ணீர்தான் வந்துவிட்டதே என்றார் அவர், குழப்பத்தோடு.

அஞ்சலை சுவரோரம் போனாள். 'த' எழுதியிருந்த குடத்தை இடுப்பில் வைத்து எடுத்துவந்து புதுக் குழாய்க்கு அடியில் வைத்தாள். நாங்கள் எல்லோரும் நின்று பார்த்தோம். அரைக்குடம் வரை வேகமாக வந்தது. பிறகு நூல்போல வந்தது. பிறகு சொட்டியது. கடைசியில் குழாய் ஒரு முறை இருமிவிட்டு ஓய்ந்தது.

மெம்பர் மெதுவாகத் தலையை உயர்த்திப் பின்சுவரின் மேல் இருந்த டிரம்மைப் பார்த்தார். அப்புறம் கான்ட்ராக்டரைப் பார்த்தார். கான்ட்ராக்டர் மோகனைப் பார்த்தார். மோகன் என்னைப் பார்த்தான். எனக்குப் பார்க்க யாரும் மிச்சமில்லை. கையில் சாக்பீஸ் இருந்தது, அதைப் பார்த்தேன்.

மறுநாள் காலை மோகனுக்கு வேலை இல்லை. "உங்கம்மாவோட சேந்து நீயும் இஸ்கூல் நடத்து, போ" என்று சொல்லி அனுப்பினாராம் முதலாளி. குழாயில் ஒரு வாரத்துக்குள் நிஜத் தண்ணீர் வந்தது. மெம்பர் தினமும் ஆள் அனுப்பி விசாரித்தார் என்று கேள்வி. ஆனால் எங்கள் வீட்டுக்குள் பேச்சு வரவில்லை. மூன்று வாரம் மோகன் என்னோடு பேசவில்லை. ஏதாவது சொல்லவேண்டுமென்றால் சீட்டு எழுதி மேஜையில் வைப்பான். விமலா முந்திக்கொண்டு என் சிவப்புப் பென்சிலை ஒளித்து வைத்துவிட்டாள். புத்திசாலிப் பெண். ஆறாம் மாதக்காரியைக் கவலைப்பட வைத்துவிட்டோமே என்று அந்த வாரங்களில் எனக்குத் தூக்கமில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் குடத்தைத் திருத்தியதற்காக ஒரு நாளும் வருந்தவில்லை. வேண்டுமென்றால் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள், இதையேதான் சொல்வேன்.

மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு காலை வாசல் கதவைத் திறந்தால், படியில் ஒரு குடம். புதுக் குழாய்த் தண்ணீர், தளும்பத் தளும்ப. குடத்தின் வயிற்றில் சுண்ணாம்பால் எழுதியிருந்தது: 'மோகன் தம்பி மண்ணிப்பு'. எனக்குப் பயந்து அஞ்சலை இந்த முறை சுழியில் கஞ்சத்தனமே காட்டவில்லை. இரண்டு சுழி போதுமான இடத்திலும் மூன்று போட்டிருந்தாள்.

என் கை பைக்குப் போனது. மோகன் பின்னால் வந்து நிற்பது தெரிந்து அப்படியே நிறுத்திக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் செய்த தியாகம் அது ஒன்றுதான். அவன் குடத்தைப் படித்தான். இன்னொரு முறை படித்தான்.  பிறகு, "முடியலம்மா, சாக்பீஸக் குடு" என்று கையை நீட்டினான். குந்தி உட்கார்ந்து, துடைத்து, அவனே திருத்தினான். திருத்தும்போதே சிரிக்க ஆரம்பித்தவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அடுத்த மாதம் அவனுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. குழாயடிப் பள்ளிக்கூடம் இரண்டு குழாய்க்கும் சேர்த்து இரண்டு வகுப்பாயிற்று.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில், யாராவது தப்பித்துப் போக வழியிருக்கும்போது வாயைத் திறந்து மாட்டிக்கொண்டால், 'மூணு சுழி போட்டுட்டான்' என்பார்கள். உறவுக்காரர்கள் எல்லோருக்கும் இது பரவிவிட்டது. சம்பந்தி வீட்டில்கூடச் சொல்கிறார்களாம், எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே.

விமலாவுக்கு அப்போது வயிற்றில் இருந்த பெண், கீதா, போன மாதம் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போயிருந்தாள். எல்லாம் நல்லபடி முடிந்து, வேலை உனக்குத்தான் என்று கையில் கடிதமும் கொடுத்துவிட்டார்களாம். இவள் அதைப் படித்துப் பார்த்து, மேனேஜர் கையெழுத்துப் போட்ட கடிதத்தில் ஒரு பிழை இருக்கிறது என்று அவரிடமே காட்டியிருக்கிறாள். "அப்படியா, குடும்மா, திருத்தி அனுப்பறோம்" என்று வாங்கி வைத்துக்கொண்டவர்கள்தான். இன்னும் தபால் வரவில்லை.

மோகன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். "மூணு சுழி! பரம்பரையா வருது!" என்றான். விமலா தலையில் கை வைத்துக்கொண்டாள். கீதா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் என் பக்கம் திரும்பினாள்.

"எந்த வார்த்தைடி?" என்றேன்.