சாலைப் பாதுகாப்பு வாரத்தில் நான் ஊதிக் காட்டியது

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். கோர்ட்டில் ஒருமுறை ஒப்புக்கொண்டு பழகியதிலிருந்து எதையும் சட்டென்று ஒப்புக்கொள்ள வந்துவிடுகிறது.

அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு ஷிப்டு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். பெரியபாளையம் பக்கத்து ஆட்களை இரவு ஷிப்டுக்கு ஏற்றிப் போவதும், காலை ஏழு மணிக்குக் கொண்டுவந்து இறக்குவதும் என் வேலை. டியூட்டிக்கு முன்னால் ஒரு சொட்டு தொட்டதில்லை. அதில் எனக்குத் தாங்கமுடியாத பெருமை வேறு. ஆனால் டியூட்டி முடிந்தபின்? ஊருக்குக் காலை ஏழு மணி என்றால் எங்களுக்கு அது சாயங்காலம். ஊரே காபி குடிக்கிற நேரத்தில் நானும் இன்னொரு வேன் டிரைவரான பாபு அண்ணனும், முந்தின நாளே வாங்கி ஒளித்து வைத்ததை அவர் அறையில் உட்கார்ந்து காலி செய்வோம். பிறகு நாஷ்டா, பிறகு பொடிநடையாக வீடு, பிறகு தூக்கம். குடித்துவிட்டு ஓட்டுகிற கேஸெல்லாம் ராத்திரியில் குடிக்கிறவர்களுக்கு என்றே நம்பிக்கொண்டிருந்தேன். (புத்திசாலி!)

ஒரு ஜனவரி மாதக் காலை. படுத்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, என் மனைவி கலா உலுக்கி எழுப்பினாள்.

"யோவ், எந்திரி. திவ்யா ஸ்கூல்ல ப்ரோகிராமு. நீ வரலைன்னா ஊட்டுக்கே வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா."

"இன்னா ப்ரோகிராமு?"

"நேத்து பூரா சொன்னனே, காதுல வாங்குனியா? ஹைவே ரோட்டாண்ட நிப்பாங்களாம். போய்ப் பாரு, போ."

திவ்யா எங்கள் ஒரே பெண். அப்போது ஏழாவது. அவள் சொன்னால் அப்பீல் கிடையாது. இரண்டு முறை பல் தேய்த்தேன், நான்கு கிராம்பு மென்றேன், கழுத்து முழுக்கப் பவுடர் கொட்டினேன். தூங்கி எழுந்தால் எல்லாம் இறங்கிவிடும் என்பது எங்கள் டிரைவர்மார்களின் மருத்துவ ஞானம். பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஹைவேயில் திரும்பியதும்தான் பேனரைப் பார்த்தேன். 'சாலைப் பாதுகாப்பு வாரம்'. அதன் கீழே வரிசையாகப் பள்ளிப் பிள்ளைகள், பக்கத்தில் போலீஸ் ஜீப். வரிசையின் முதல் ஆளாக என் மகள், கையில் அவள் உயரத்துக்கு ஒரு அட்டை: 'குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள்.'

அப்படியே திரும்பி ஓடிவிடலாம் என்று ஹாண்டிலை ஒடித்தேன். அதற்குள், "அப்பா!" என்று கத்தினாள். நாற்பது பிள்ளைகளும் இரண்டு கான்ஸ்டபிள்களும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். இனி திரும்பினால் சந்தேகம் வரும். ஜீப்பிலிருந்து பத்தடி தள்ளி பைக்கை நிறுத்திவிட்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு சிரித்தேன்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர். பிள்ளைகளுக்கு ஒரு கருவியைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். "இதுல ஊதுனா குடிச்சிருக்காங்களா இல்லையான்னு தெரிஞ்சிடும். குடிக்காதவங்க ஊதுனா பூஜ்யம் வரும். பெரியவங்க யாராச்சும் வந்து ஊதிக் காட்டுங்களேன்."

நான் என் செருப்பை ஆராய்ச்சி செய்யத் தொடங்கினேன். பயனில்லை. என் மகளின் கை உயர்ந்துவிட்டது.

"சார், எங்க அப்பா ஊதுவாரு சார்! வேன் டிரைவரு. குடிச்சிட்டு வண்டியத் தொடவே மாட்டாரு!"

எல்லாரும் கை தட்டினார்கள். முன்னால் போய் நின்றேன். கடவுளே, மிஷின் ரிப்பேராகிவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டு, குழந்தையின் கண்ணில் தூசி ஊதுவது மாதிரி ஊதினேன்.

"அண்ணே, பசங்க பாக்குறாங்க. பலூன் ஊதற மாதிரி நல்லா ஊதுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஊதினேன். கருவி கத்தியது. எண் அறுபத்திரண்டு. மார்க் என்று நினைத்துச் சின்ன வகுப்புப் பிள்ளைகள் மறுபடியும் கை தட்டினார்கள்.

இன்ஸ்பெக்டர் தட்டவில்லை. குரலைத் தாழ்த்தி, "முப்பதைத் தாண்டுனாலே கேஸுண்ணே. நடந்து வந்தீங்களா, வண்டிலயா?" என்று கேட்டார். எனக்கு அவர் விட்ட கடைசிக் கயிறு அது. பிடித்துக்கொள்ள வாயைத் திறந்தேன்.

"வண்டிலதான் சார் வந்தாரு! நான் பாத்தேனே!" என்றாள் திவ்யா, பெருமை மாறாமல்.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. அட்டையை மெல்லக் கீழே இறக்கி, அதன் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். நான் செத்துப்போயிருக்கலாம்.

பைக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு தாளைக் கொடுத்தார்கள். மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 185. அதை எடுத்துக்கொண்டு பாபு அண்ணனிடம் ஓடினேன். அவர் ஆறுதல் சொல்லுகிற அழகே தனி.

"ஆறு மாசம் உள்ள தள்ளலாம். இல்ல பத்தாயிரம் வரைக்கும் அபராதம். ரெண்டையும் சேத்துக்கூடப் போடுவாங்க. லைசென்ஸ சஸ்பெண்ட் பண்ணுவாங்க. மறுபடி மாட்டுனா ரெண்டு வருஷம். பெரிய பேஜாரு நைனா."

"காலைலதாண்ணே குடிச்சேன்!"

"சட்டத்துக்கு ஷிப்டு கிடையாதுடா. அது கெடக்கட்டும், நேர்ல பாத்த சாட்சி யாரு?"

"...திவ்யா."

"போச்சு. நீ இல்லைன்னு சொன்னின்னா, பொண்ணைக் கூண்டுல ஏத்தி, உங்க அப்பன் ஓட்டிக்கினு வந்தானான்னு கேப்பாங்க."

மற்றதெல்லாம் சரியாகச் சொன்னவர், இதையும் சரியாகத்தான் சொல்லியிருப்பார் என்று நம்பிவிட்டேன். கோர்ட் தேதி வரை தூக்கமில்லை. கண்ணை மூடினால் கூண்டில் ஸ்கூல் யூனிபார்மோடு திவ்யா நிற்கிறாள். ஜெயிலைவிட, வேலை போவதைவிட, அதுதான் என்னை நடுங்க வைத்தது. கலாவோ என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு, பாத்திரங்களோடு மட்டும் பேசினாள். பாத்திரங்கள் பாவம்.

கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிட்டதுதான் தாமதம், "ஒத்துக்கறேம்மா!" என்று கத்திவிட்டேன்.

மாஜிஸ்திரேட் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் நான் படிக்கவே இல்லையே?"

"படிக்காமலே ஒத்துக்கறேம்மா. சாட்சி எதுவும் வேணாம்மா."

கோர்ட்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "முழுசாக் கேளுங்க. ஒத்துக்கறதா வேணாமான்னு அப்புறம் சொல்லுங்க" என்று நிதானமாகப் படித்துக் காட்டினார். முழுவதும் கேட்டுவிட்டு மறுபடி ஒத்துக்கொண்டேன். அபராதத்தோடு விட்டார். லைசென்ஸ் மட்டும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வழியாக மூன்று மாதம் சஸ்பெண்ட் ஆனது.

கம்பெனியில் வேலையை விட்டுத் தூக்கவில்லை. கேட்டில் நிற்க வைத்தார்கள். உள்ளே வருகிற லாரி டிரைவர்களின் வாயில் அதே மாதிரிக் கருவியை நீட்டி, "ஊதுங்கண்ணே" என்று சொல்வதுதான் மூன்று மாதமும் என் பிழைப்பு.

திவ்யா அழவில்லை, சண்டை போடவில்லை. என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். லைசென்ஸ் திரும்பி வந்த அன்று காலை, பைக்கை வாசலில் நிறுத்தி, "வா, ஸ்கூல்ல விடறேன்" என்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிட்டே வந்தாள். என் வாயருகே மூக்கைக் கொண்டுவந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள்.

இப்போது அவள் காலேஜில் படிக்கிறாள். இன்றுவரை முகராமல் ஏறியதில்லை. பார்த்துப் பார்த்துக் கலாவும் முகரப் பழகிவிட்டாள். பெரியபாளையம் கோயிலுக்குக் கார் எடுத்தால் மச்சினன் குடும்பமே கதவருகில் வரிசையில் நின்று ஒவ்வொருவராக முகர்ந்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள்.

நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அந்தக் காலைக்குப் பிறகு நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆனாலும் திவ்யா கிட்டே வந்து முகர்கிற அந்த ஒரு நொடி மட்டும், இன்றைக்கும் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறேன்.