‘தயங்கித்திற’வைத் தொடாதீர்கள், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம். நீங்களும் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவது இத்தோடு முடிந்தது, இனி சந்தேகம்தான்.

இந்தக் குடிநீர் நிலையத்தின் வால்வுகளைத் திறந்து மூடும் கணினி நிரலை இருபத்திரண்டு வருடமாக நான்தான் கவனித்து வருகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கணினி மொழியில் முதலில் இருந்தவை ‘திற’, ‘மூடு’ என்று நாற்பது கட்டளைகள்தாம். வேண்டியதை நீயே சேர்த்துக்கொள் என்று மொழி இடம் கொடுத்தது, நானும் பத்தொன்பது சேர்த்தேன். அவற்றில் ‘தயங்கித்திற’ என் செல்லப்பிள்ளை. வால்வைக் கால்வாசி திறக்கும், அழுத்தம் அடங்கும்வரை நிற்கும், பிறகுதான் மீதியைத் திறக்கும். ஆஸ்பத்திரித் தெருவின் பழைய குழாய் இத்தனை நாள் வெடிக்காமல் இருந்தது அந்த ஒரு சொல்லால்தான். இப்போது எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி என்று இந்த மொழியைத் தரப்படுத்தக் குழு போட்டிருக்கிறார்களாம், அதில் நீங்களும் உறுப்பினராம். பெண் கொடுத்த நான் இதைச் செய்திமடலில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

போன ஞாயிறு சாப்பிட வந்தபோது, கை கழுவிக்கொண்டே, “மாமா, நீங்க சொந்தமா எத்தனை கட்டளை சேர்த்திருக்கீங்க?” என்றீர்கள். கை கழுவும் இடத்தில் யார் இப்படிக் கேட்பார்கள்? நானும் வெகுளியாக எல்லாவற்றையும் ஒப்பித்தேன், நீங்கள் குறித்துக்கொண்டீர்கள். போகும்போது ஒரு தடித்த உறையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னீர்கள். படித்தால் சம்மதித்ததாக ஆகிவிடும் என்று நான் அதைப் பிரிக்கவே இல்லை. மகளிடம் போனில் துருவினேன், அவள் சிரித்துப் பேச்சை மாற்றிவிட்டாள். பெற்ற பெண்ணும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள்.

அதனால் திங்களன்று, குழுவின் கண்ணில் படாமல் இருக்க, ‘தயங்கித்திற’வுக்கு ‘பொதுக்குறிப்பு ஏழு’ என்று பெயர் மாற்றினேன். நிரலில் அது வரும் இடங்கள் பதினேழு. பதினாறில் மாற்றிவிட்டேன். பழைய பெயரோடு விட்டுப்போன ஒன்று ஆஸ்பத்திரித் தெரு. தெரியாத சொல்லைக் கண்டால் கிட்டத்தட்ட அதைப்போல் இருப்பதை எடுத்துக்கொள்வது இந்த மொழியின் பழக்கம். அது வெறும் ‘திற’வை எடுத்துக்கொண்டது. குழாய் வெடித்து, எங்கள் மேலாளர் அங்கே நிறுத்தியிருந்த காரின் இருக்கைவரை தண்ணீர் ஏறியது. பம்ப் ஆபரேட்டர் ஓடி வந்து, “சார், தெருவெல்லாம் தண்ணி. என்ன பண்ணினீங்க?” என்றார்.

“தரப்படுத்தல்” என்றேன்.

தரம் வருமுன்பே இந்த வெள்ளம் என்றால் வந்தபின் என்ன ஆகும்? ஒவ்வொரு ஊர்க் குழாயும் ஒவ்வொரு விதமாக வெடிக்கும், அதையெல்லாம் ஓர் அறையில் உட்கார்ந்து நாற்பது சொல்லால் அடைக்க முடியாது. மாப்பிள்ளை, எனக்குப் பயமாக இருக்கிறது. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள இந்தப் பத்தொன்பது சொற்கள்தாம் இருக்கின்றன. கட்டளைகளைக் கூட்டுங்கள், குறையுங்கள். பயன்படுத்துகிறவன் தன் சொல்லைச் சேர்க்கும் கதவை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

மகளுக்கு என் ஆசிகள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை என்றும் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உங்கள் மாமியார் என் பேச்சைக் கேட்காமல் உறையைப் பிரித்துவிட்டாள். உள்ளே குழுவின் வரைவு அறிக்கை. பன்னிரண்டாம் பக்கத்தில், பயனர்கள் சேர்க்கும் சொற்களை எந்தக் குழுவும் தொடக்கூடாது என்று நீங்களே கையெழுத்திட்டு எழுதியிருக்கிறீர்கள். ஓரத்தில் பேனாவால் சேர்த்த எடுத்துக்காட்டு, ‘தயங்கித்திற’. மூன்று முறை படித்தேன், கண் கலங்கிவிட்டது. மேலே உள்ளதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். இதைக் கேள்விப்பட்ட ஆபரேட்டர் இன்று காலை என் நிரலில் ‘மெல்லத்திற’ என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார். என்னுடையதைவிட நன்றாகவே திறக்கிறது. அந்தக் கதவை இனி அடைத்துவிடலாம்.