டூப்ளிகேட் சாரும் டாரதி ஆன்ட்டியின் துப்பாக்கியும்

அமெரிக்காவின் பிளெய்ன்ஸ்பரோவில் இருந்த தமிழர் வீடுகள் அத்தனைக்கும் விருந்துக்குப் போனவர், எந்த வீட்டுக்கும் இரண்டாம் தடவை கூப்பிடப்படாதவர், எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் டூப்ளிகேட் சார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதை அவருடைய ஆபீஸ் மேனேஜர் மட்டும் சொல்வார், அதுவும் தப்பாக. கோயம்புத்தூர்க்காரர். சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிப்பது வேலை. மற்றவர்கள் சாயங்காலம் வேலையை ஆபீஸில் வைத்துவிட்டு வருவார்கள். இவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார், எங்கள் வீடுகளுக்கும் கொண்டுவந்தார்.

கிரகப்பிரவேசத்துக்குப் போனால் வீட்டுக்காரம்மாவின் பட்டுப்புடவை ஓரத்தைக் கண்ணாலேயே அளந்து, “ஜரிகை டூப்ளிகேட்டுங்க” என்பார். எங்கள் வீட்டுப் பெருநாள் பிரியாணியை வாயில் வைக்கும் முன் முகர்ந்து பார்த்து, அரிசியில் கலப்படம் என்றார். ஆனால் மூன்று தட்டு சாப்பிட்டார். கிரீன் கார்டுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர், அது கைக்கு வந்த அன்று விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கவலையாகச் சொன்னார்: “அச்சு கொஞ்சம் கோணலா இருக்குதுங்க பாய். எனக்கு மட்டும் டூப்ளிகேட்டக் குடுத்துட்டாங்களோ?”

அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதன் உதிரிபாகங்கள் ஒரிஜினல்தானா என்று பார்க்கக் கழற்றினார். பிறகு அது கார் ஆகவே இல்லை. அதனால் அவர் எங்கே போவதென்றாலும் என் வேனில்தான் போவார். நான் அப்போது ஒரு இந்திய மளிகைக் கடைக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். வாரம் முழுக்க வெங்காய மூட்டை. ஞாயிற்றுக்கிழமை டூப்ளிகேட் சார். மூட்டையாவது பேசாது.

பிள்ளைகளே, தலைப்பில் துப்பாக்கி என்று பார்த்ததும் நிமிர்ந்து உட்காராதீர்கள். இந்தக் கதையில் அது ஒரு தடவைகூடச் சுடாது.

டாரதி ஆன்ட்டி பக்கத்து ஊரான வெஸ்ட் வின்ட்சரில் தனியாக இருந்த அமெரிக்க அம்மா. ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். எங்கள் கடையில்தான் ஏலக்காய் வாங்குவார். என் மகள் பள்ளி விட்டதும் நான் வரும்வரை அவர் வீட்டில்தான் இருப்பாள். ஒரு குளிர்காலத்தில் அவருடைய அப்பா இறந்துபோனார். மகளுக்கென்று அவர் விட்டுப்போனது ஒரு பழைய ராணுவத் துப்பாக்கி. மேலே டெலஸ்கோப் வைத்தது. தூரத்தில் மறைந்திருந்து குறி பார்ப்பவர்கள் இரண்டாம் உலகப் போரில் வைத்திருந்த வகை. அப்பா அந்த மாதிரி வீரர் என்று நம்பித்தான் அவர் வளர்ந்தார்.

டெக்சாஸிலிருந்து ஆன்ட்டியின் தம்பி போன் பண்ணினான். அப்பா பட்டாளத்தில் சமையல்காரர், துப்பாக்கி பிறகு எங்கேயோ வாங்கியது, எல்லாம் கதை என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து ஆன்ட்டிக்குத் தூக்கம் இல்லை. விற்கவோ மாட்டி வைக்கவோ அவர் நினைக்கவில்லை. அப்பா தன்னிடம் வாழ்நாளெல்லாம் பொய் சொன்னாரா என்பது மட்டும் அவருக்குத் தெரியவேண்டும்.

இதை அவர் கடையில் நின்று என்னிடம் சொன்னபோது, பக்கத்தில் டூப்ளிகேட் சார் பெருங்காய டப்பாவை முகர்ந்துகொண்டிருந்தார். டப்பாவைக் கீழே வைத்தார். “நான் பார்த்துச் சொல்றேன் மேடம்” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டார். என் ஞாயிற்றுக்கிழமைகள் போச்சு என்று அப்போதே தெரிந்தது.

அதுவரை அவர் தீபாவளித் துப்பாக்கியைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. இன்டர்நெட்டில் துப்பாக்கிப் பைத்தியங்களின் கூட்டம் ஒன்றைப் பிடித்து, ஆபீஸ் பிரின்டரில் கத்தை கத்தையாக அச்சடித்து எடுத்துக்கொண்டார். ஆன்ட்டியின் பேஸ்மென்ட்டில் அவர் பூதக்கண்ணாடியோடு குனிந்திருப்பார். நான் துணி துவைக்கும் மெஷின்மேல் சாய்ந்து தூங்குவேன். நடுவில் எழுப்பி, “பாய், இந்த ஸ்க்ரூவப் பாருங்க” என்பார். பார்ப்பேன். ஸ்க்ரூதான்.

ஒரு ஞாயிறு, பென்சில்வேனியாவில் விஷயம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், துப்பாக்கியை வேனில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டிவிடலாம் என்று ஆரம்பித்தார். இரட்டைக் கோபுரம் விழுந்து அதிக காலம் ஆகாத நேரம் அது.

“சார், என் பேரு அப்துல். வண்டியில துப்பாக்கி. போலீஸ் நிறுத்துனா நீங்க சாயங்காலம் வீட்டுக்குப் போயிருவீங்க. நான் எப்போ போவேன்?”

கொஞ்சம் யோசித்தார். “நியாயந்தானுங்க” என்றார். அவர் வாயிலிருந்து நான் வாங்கிய முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை அது.

கடைசியில் அவரே கண்டுபிடித்தார். நிஜமான துப்பாக்கியில், டெலஸ்கோப்பைத் தாங்கும் இரும்பு உட்காரும் இடத்தை விட்டுவிட்டு, பெயரையும் நம்பரையும் பக்கவாட்டில் தள்ளிப் பதித்திருப்பார்களாம். இதில் எழுத்தின் மேலேயே அந்த இரும்பு உட்கார்ந்து பாதியை மறைத்திருந்தது. அப்படியென்றால் இது சாதாரணத் துப்பாக்கி. பிற்பாடு யாரோ டெலஸ்கோப் பொருத்தியிருக்கிறார்கள்.

ஆன்ட்டி காபி எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். நான் டூப்ளிகேட் சாரின் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தேன். மெதுவாகச் சொல்லுங்க, உக்கார வெச்சுச் சொல்லுங்க என்று அதற்கு அர்த்தம். அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

“மேடம், திஸ் இஸ் டூப்ளிகேட்.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். நமக்கு டூப்ளிகேட் என்றால் போலி. அமெரிக்காக்காரர்களுக்கு அப்படி இல்லை. ஒன்று போலவே இன்னொன்று இருந்தால்தான் டூப்ளிகேட். இது தெரியாமல் நாம் அந்த வார்த்தையைக் கப்பலேற்றிக் கொண்டுவந்துவிட்டோம்.

ஆன்ட்டி காபியைக் கீழே வைத்தார். “அப்படியானால் இதேபோல் இன்னொன்று இருந்ததா?” என்று கேட்டார். அப்புறம் எங்களைப் பார்க்காமல், துப்பாக்கியைப் பார்த்தே பேசினார். அப்பா ஒருநாளும் ‘இதைத்தான் வைத்திருந்தேன்’ என்று சொன்னதில்லையாம். ‘இந்த மாதிரி ஒன்று வைத்திருந்தேன்’ என்றுதான் சொல்வாராம். போர் முடிந்ததும் ராணுவம் எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொண்டிருக்கும். “அதைப்போலவே இன்னொன்று செய்து வைத்துக்கொண்டாரா?” என்று கேட்டார்.

டூப்ளிகேட் சாரை நான் பார்த்தேன். பெருநாள் பிரியாணியை, அரசாங்கம் கொடுத்த கார்டை, யாரையும் எதையும் விடாத மனிதர். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. வாயைத் திறந்தார். மூடினார். “யெஸ் மேடம்” என்றார்.

ஆன்ட்டி அவரைக் கட்டிக்கொண்டார். இவர் பூதக்கண்ணாடியைப் பிடித்த கையை ஆகாசத்தில் தூக்கிக்கொண்டு, டிராபிக் போலீஸ் மாதிரி நின்றார்.

திரும்பும் வழியில், ரூட் ஒன் ரோட்டில் சிக்னல் விழுந்தபோது நான் கேட்டேன். “சார், நீங்க போலின்னு சொன்னீங்க. அவங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க.”

“தெரியுதுங்க பாய்.”

“அப்பறம் ஏன் திருத்தல?”

பச்சை விழுந்தது. நான் எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தான்.

“அந்த எழுத்து ஒண்ணுதானுங்க தப்பு. நிஜத்துல முன்னாடி குறி பாக்குற முள்ளு இருக்காது. இதுலயும் அவங்கப்பா எடுத்திருக்காரு. டெலஸ்கோப்புல இடிக்காம, தோட்டா ஏத்துற கைப்பிடியில ஒரு பள்ளம் வெட்டோணும். அளவு பிசகாம வெட்டியிருக்காரு. அந்தக் காலத்துல இதெல்லாம் எந்த புஸ்தகத்தப் பாத்துச் செய்யறது? பக்கத்துல வெச்சுப் படுத்துத் தூங்கினவனுக்குத்தானுங்க தெரியும்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “சமையல்காரன் கை இல்லீங்க அது” என்றார்.

அது நிஜமாகவே அவர் கண்டதா, இல்லை ஆன்ட்டியிடம் ‘யெஸ்’ சொன்னதற்குச் சமாதானமாக வழியில் செய்துகொண்டதா என்று நான் கேட்கவில்லை. அவர் வீட்டு வாசல் வந்தது. நான் வேனை நிறுத்தாமல், பக்கத்தில் இருந்த ஏரியைச் சுற்றி ஒரு சுற்று ஓட்டினேன்.