அசையாதே பிடித்த வானம்

சித்தூரில் உயிரோடு இருந்த அத்தனை பேரையும், ஒன்றிரண்டு பிணங்களையும், கல்லாய் நிற்க வைத்த ஒரே மனுஷன் என் அக்காள் புருஷன்தான். மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தும் வெள்ளைக்காரக் கலெக்டரே அவருக்குப் பயந்து நின்றான் என்பார்கள். நான் நம்புகிறேன். தொழில் போட்டோ பிடிப்பது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் ‘அசையாதே, கதலொத்து’ என்று தமிழிலும் தெலுங்கிலும் ஒரே மூச்சில் கத்துவார். ஊர் அவருக்கு அசையாதே என்றே பேர் வைத்துவிட்டது. தாலுகா ஆபீஸ் பியூன்கூட என்னை ‘அசையாதே மச்சான்’ என்றான். மானம் போயிற்று.

வடமாலபேட்டைக் கல்யாணத்தில் இவர் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளை தாலியைப் பாதி முடிச்சில் விட்டுவிட்டான். பிச்சாட்டூரில் செத்துப்போன கிழவரை நாற்காலியில் சாய்த்துப் படம் எடுக்கும்போதும் அதே கத்தல்.

“அவரு அசையலியே நைனா” என்று அழுதாள் கிழவரின் பெண்சாதி.

“அதான் சொல்றேன். அப்பிடியே இருக்கட்டும்.”

கூடப் போன நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அவர் பெருமையெல்லாம் எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் குரூப் போட்டோவில் இருந்தது. வருஷா வருஷம் அவர்தான் எடுப்பார். போன தடவை ஸ்டாண்டின் கால் சேற்றில் இறங்கி, போதகருக்கு இரண்டு தலை விழுந்துவிட்டது. காற்றின் மேல் பழி போட்டார். எது கெட்டாலும் யார் மேலாவது போடுவார்.

“இந்த வாட்டி திருப்பதியிலேர்ந்து ஆள இட்டாரப் போறோம்” என்றார் சபை மூப்பர்.

அசையாதேவுக்கு முகம் செத்துவிட்டது. “ஆடாம புடிக்கத் தெரியுமா தெரியாதான்னு காட்டறேன். நம்ம கோயில் மணிக்கூண்டு மேல நட்சத்திரத்தப் புடிச்சாந்து குடுக்கறேன். அப்பறம் முடிவு பண்ணுங்க.”

அதற்குமுன் அவர் நட்சத்திரத்தைப் படம் பிடித்ததே இல்லை. வெளிச்சம் கம்மி, ராத்திரி வெகுநேரம் கேமராவைத் திறந்தே வைக்க வேண்டும் என்று மட்டும் யாரோ சொல்லியிருந்தார்கள். ஸ்டாண்டின் காலுக்கு மணல்மூட்டை கட்டினார். தெருவில் வீடு வீடாய்ப் போய் விளக்கை அணைக்கச் சொன்னார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, இருமக்கூடாது என்றார். ரோந்து வந்த கான்ஸ்டபிள், “ஏமய்யா, தொங்கதனமா?” என்று எங்களைத் திருடர்களாக்கித் தடியை ஓங்கினான்.

“கதலொத்து” என்றார். ஓங்கிய தடியோடு அவனும் நின்றுவிட்டான்.

விடிந்ததும் இருட்டறையிலிருந்து தலை குனிந்து வந்தார்.

“மச்சான், இருமுனியா?”

“இல்ல மாமா.”

“தும்முனியா?”

“மூச்சே உடல.”

படத்தைக் காட்டினார். புள்ளி புள்ளியாய் இருக்க வேண்டிய நட்சத்திரமெல்லாம் வளைந்த கோடுகளாக இழுபட்டுக் கிடந்தன.

அன்று சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் கோயிலுக்குள் அந்தப் படம் கை மாறியது.

“வளையல் கடையில நாய் பூந்த மாதிரி கீது” என்றான் ஒருவன்.

“நட்சத்திரத்தையே ஆட்டிட்டாரு, நம்மள உடுவாரா? திருப்பதிக்கு ஆள் அனுப்புங்க” என்றார் மூப்பர்.

பழி என் தலையில்தான் விழப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்தபடி, “ஆட்டிட்டேங்க. என் கைதான்” என்றார்.

அவர் அப்படித் தலை குனிந்ததைப் பார்த்தபோது பட்ட வெட்கத்துக்கு, அதுவரை அந்த மனுஷனால் நான் பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. வெறி வந்தது. மூப்பர் கையிலிருந்து படத்தைப் பிடுங்கினேன். பார்த்தேன். போதகரிடம் நீட்டினேன்.

“ஐயா, மணிக்கூண்டப் பாருங்க. மேல சிலுவையப் பாருங்க. ஊசி மாதிரி நிக்கிது. கேமரா ஆடியிருந்தா இதுவும் ஆடியிருக்கணும் இல்ல? இவரு ஆட்டல. வானம் ஆடிக்கினு கீது.”

போதகர் விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். “வாஸ்தவம். ராத்திரியில நட்சத்திரம் நகரத்தானே செய்யிது. சரியாத்தான் புடிச்சிருக்காரு. குரூப் போட்டோ இவரே எடுக்கட்டும்.”

அசையாதே என் காதோரம் முணுமுணுத்தார்: “நட்சத்திரத்துங்களுக்கு அசையாதேன்னு சொல்ல மறந்துட்டேன் மச்சான்.”

கிறிஸ்துமஸ் அன்று சபை முழுக்க வரிசையில் நின்றது. துணிக்குள் தலையை விட்டவர் கத்தவில்லை. மெதுவாக, “அசையாதீங்க” என்றார். மரியாதையாக. என்ன ஆயிற்று இவருக்கு என்று எட்டிப் பார்த்துவிட்டேன்.

அந்தப் படத்தில் எல்லாரும் சிலையாய் நிற்கிறார்கள். பின்வரிசையில் முகம் கலைந்து நிற்பவன் நான். வருகிறவர்களுக்குக் காட்ட வெட்கமாகத்தான் இருக்கிறது. கூடத்திலிருந்து கழற்ற மனசு வரவில்லை.