மேனேஜருக்கு ஊசி

கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்த பிறகுதான் பெயிண்டருக்கு இரண்டு விஷயம் புரிந்தது. மீதி உடம்பு உள்ளே போகாது. போன பாதியும் வெளியே வராது.

"கிடைச்சானா?" அடுத்த அறையில் தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டாள் மனைவி.

"அவன் கிடைச்சிட்டான். நான்தான் மாட்டிக்கிட்டேன்."

சுவர் மூலையில் சுருண்டு கிடந்தது மேனேஜர். மேனேஜர் என்பது நாய். பெயிண்டர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதப் போகும்போதெல்லாம் கூடவே போய், முன்னங்கால்களைக் குறுக்கே போட்டுப் படுத்துக்கொண்டு, ஒரு துரும்பையும் நகர்த்தாமல் மேற்பார்வை பார்த்ததால் வந்த பதவி அது.

அன்றைக்கு அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி. மேனேஜருக்குப் பூச்சி மாத்திரை கொடுப்பது, உண்ணி பார்ப்பது, பல் தேய்த்துவிடுவது எல்லாம் பெயிண்டரின் இலாகா. ஊசி மட்டும் மனைவியின் இலாகா. ஏனென்றால் அந்தச் சொல்லைக் கேட்டாலே பெயிண்டருக்குக் கை கால் வெலவெலத்துவிடும்.

"இந்தத் தடவை நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க. எனக்குத் தைக்கிற வேலை தலைக்கு மேல கிடக்கு" என்று காலையில் சொல்லிவிட்டாள்.

தன் உடம்புக்கு அவர் பார்த்துக்கொண்ட வைத்தியமெல்லாம் வெந்நீர்தான். அதற்கும் சரியாகாவிட்டால் தூக்கம். கொஞ்ச நாளாக ஏணி உச்சியில் நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு மருந்துக்கடைப் பலகையில் கடைசி எழுத்து தெருவில் குதிக்கப் போவதுபோலச் சாய்ந்துவிட்டது. "ஒரு டாக்டரைப் பாருங்களேன்" என்று மனைவி மன்றாடிப் பார்த்தாள். "பெயிண்ட் நெடிடி, வேற ஒண்ணுமில்ல" என்று தட்டிக்கழித்துவிட்டார்.

மனைவி வந்து காலைப் பிடித்து இழுத்ததில் பெயிண்டர் வெளியே வந்தார், சட்டைப் பொத்தான்கள் கட்டிலுக்கடியிலேயே தங்கிவிட்டன. இதென்ன கூத்து என்று பார்க்க மேனேஜரும் வெளியே வந்தது. லபக்கென்று பிடித்து வாரை மாட்டினார்.

தெருவில் அது ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. ஆசை காட்டலாம் என்று பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்தார். உட்கார்ந்த இடத்திலேயே அத்தனையையும் தின்றுவிட்டு, அதே இடத்தில் படுத்துக்கொண்டது. கடைசியில் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். தின்ற பிஸ்கட்டில் பாதி அவர் முதுகில் இறங்கியது.

கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் மேனேஜர் நான்கு கால்களையும் நிலைப்படியில் ஊன்றிக்கொண்டது. அதன் உடம்பு நடுங்கியது. பெயிண்டரும் உள்ளே போகாமல் அதன் பின்னாலேயே நின்றுகொண்டார்.

டாக்டரம்மா சிரித்தபடி வந்தார். "அவன் உங்க முகத்தைப் பாத்துத்தான் பயப்படுறான் அண்ணா. நீங்க தைரியமா இருந்தா அவனும் இருப்பான். எதுவா இருந்தாலும் நீங்க முதல்ல செஞ்சு காட்டுங்க."

"நானா?"

"எடை மேடையில ஏறுங்க பாக்கலாம்."

பிள்ளைக்காக என்னதான் செய்யமாட்டோம்! ஏறி நின்று "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்றார். மேனேஜர் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"மேனேஜர் பரவால்ல. நீங்கதான் கொஞ்சம் குறைக்கணும்" என்றார் டாக்டரம்மா. "வாயைத் திறந்து காட்டுங்க, அவனும் திறப்பான்."

பெயிண்டர் திறந்தார். மேனேஜரும் கொட்டாவி விட்டது.

"அவனுக்குப் பல்லெல்லாம் முத்து மாதிரி இருக்கு. உங்களுக்குக் கடவாய்ப் பல்லு சொத்தை. அவனுக்குத் தேய்க்கிற அக்கறையில கொஞ்சம் உங்களுக்கும் தேய்ச்சிருக்கலாம்."

ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டதும் மேனேஜர் உறுமியது. "வை, முதல்ல எனக்கு வை, தாயி!" என்று பெயிண்டர் பொத்தானில்லாத சட்டையை விரித்து நெஞ்சைக் காட்டினார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்த டாக்டரம்மாவின் சிரிப்பு மெல்ல மறைந்தது.

"மாடியில எங்க அண்ணன் இருக்கார். மனுஷங்களுக்குப் பாக்கிற டாக்டர். ஒரு நிமிஷம், கூப்பிடுறேன்."

"எதுக்கு?"

"மேனேஜர் தைரியத்துக்குத்தான்."

அண்ணன் டாக்டர் இறங்கி வந்து கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அடித்தார். தங்கையைப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பெயர்ப்பலகை எழுதுறேன். ஏணி மேல."

"தலை சுத்துதா?"

பெயிண்டர் வாயைத் திறந்தார். பெயிண்ட் நெடி என்று சொல்லத்தான். மேனேஜர் கண்கொட்டாமல் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் பொய் வரவில்லை.

"சுத்துது சார்."

"சுத்தாம இருந்தாத்தான் ஆச்சரியம். பிரஷர் அவ்வளவு இருக்கு. ஏணி உச்சியில இருக்கும்போது மயக்கம் வந்திருந்தா, ஆளே மிஞ்சியிருக்கமாட்டீங்க. நல்லவேளை, வந்துட்டீங்க. மாத்திரை தர்றேன், விடாம சாப்பிடணும். நான் சொல்ற வரைக்கும் ஏணிப் பக்கமே போகக்கூடாது. இப்ப கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கலாம்."

ஊசி! பெயிண்டர் கண்களை இறுக மூடிக்கொண்டார். மடியில் ஏதோ கனமாக விழுந்தது. மேனேஜரின் தலை. சுருக்கென்றது, அவ்வளவுதான். கண்ணைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மேனேஜர் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

பெயிண்டர் தரையிலேயே உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். கட்டிலுக்கடியில் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்தது.

"டேய், நீ மட்டும் இன்னிக்கு ஒழுங்கா ஊசி போட்டுக்கிட்டிருந்தா, நான் நாளைக்கே ஏணி ஏறியிருப்பேன்டா. உன் பயம்தான்டா என்னைக் காப்பாத்துச்சு. நீ மேனேஜர் இல்ல, என் குலசாமி."

மேனேஜர் அவர் மூக்கை நக்கியது. டாக்டரம்மா ஏனோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார் பெயிண்டர். "சரி தாயி, எனக்குப் போட்டாச்சு. இப்ப இவனுக்குப் போட்டுடுங்க. பாவம், பயந்து கிடக்கான். மெதுவா."

எடை மேடையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மாவுக்கு அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இவனா பயப்படுறவன்? போன வாரமே உங்க வீட்டு அக்கா கூட ஜம்முனு நடந்து வந்து ஊசி போட்டுக்கிட்டுப் போயிட்டானே! இன்னிக்கு உங்களைக் கூட்டிட்டு வரத்தான் அவனை அனுப்பியிருக்காங்க."