சர்க்கரைப் பொங்கலின் அறிமுறை விளைவு

பூனாகலை,
மேட்டு லயம்.

மொனராகலையில் கடை நடத்தும் பெருமதிப்புக்குரிய மச்சான் கிருஷ்ணராஜ் அவர்களுக்கு, மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர் தம்பையா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் தங்கை விஜயலெட்சுமியும் எங்கள் மகள் சுதர்ஷினியும் சுகம். நான் கொஞ்சம் குறைவான சுகம். வெள்ளிக்கிழமை திருவிழாவுக்கு உங்கள் பெரிய அண்டாவை எப்படியாவது பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய தோட்டத்து லய வீட்டில் போன் பேசினால் பத்து வீட்டுக்குக் கேட்கும் என்பதால் கண்டக்டரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

திருவிழாப் பொங்கலுக்கு மேலே இருக்கும் நம் மேட்டு லயத்தார் அரிசி, கீழே இருக்கும் பணிய லயத்தார் சர்க்கரை என்பது உங்களுக்குத் தெரிந்த ஏற்பாடுதான். ஒருவர் பொருளை மற்றவர் கொடுப்பதில்லை. போன வாரம் சுதர்ஷினி உயர்தர இரசாயனவியலில் ‘எல்லைப்படுத்தும் தாக்கி’ என்று ஒன்றைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள், என்னம்மா அது என்று கேட்டேன், இரண்டு பொருள் சேர்ந்து புதிதாக ஒன்று உண்டாகும்போது எது முதலில் தீர்கிறதோ அதோடு வேலை நின்றுவிடும், மற்றது சும்மா மிஞ்சும், அதிகபட்சம் எவ்வளவு கிடைக்கும் என்ற அறிமுறை விளைவைத் தீர்ந்துபோகும் பொருளை வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும் என்றாள். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. கோயிலில் அரிசி இருபது கிலோ இருந்தது, சர்க்கரை பதினைந்து. அன்று நடந்த கமிட்டிக் கூட்டத்திலேயே எழுந்து, இந்த வருடப் பொங்கலை எல்லைப்படுத்துவது பணிய லயம் என்று மரியாதையாகத்தான் அறிவித்தேன்.

பணிய லயத்து ராசம்மா, "அப்ப நாங்கதான் கொறஞ்ச ஆளுங்களா தலைவரே?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் கோயில் வாசலில் மூட்டை மூட்டையாகச் சர்க்கரை இறங்கியது. அதைப் பார்த்த நம் லயத்தார் ரோஷப்பட்டு அரிசியைக் கொண்டுவந்து அடுக்கினார்கள், அதைப் பார்த்து அவர்கள் மறுபடியும் சர்க்கரை, இப்போது அம்மனைக் கும்பிட மூட்டைமேல் ஏறி எட்டிப்பார்க்க வேண்டியிருக்கிறது. ஆக, இன்றைய தேதியில் எல்லைப்படுத்துவது கோயில் அண்டா.

இதற்கிடையில் சுதர்ஷினி வந்து, "கிலோவுக்குக் கிலோ பாக்கக் கூடாதுப்பா. எத்தனைக்கு எத்தனை சேருதுன்னு பாக்கணும்" என்றாள். பொங்கல் வைக்கும் கருப்பம்மா இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு சர்க்கரைதான் போடுவாராம். அப்படியென்றால் இருபது கிலோ அரிசிக்குப் பத்து கிலோ போதும், சர்க்கரை மிச்சம், முதலில் தீர்ந்திருக்கக்கூடியது நம் லயத்து அரிசி. இதை நான் கூட்டத்தில் அறிவிக்கவில்லை. அறிவிக்கும் எண்ணமும் இல்லை. நீங்களும் வெளியில் சொல்ல வேண்டாம். இரண்டு லயமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது மச்சான்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் அம்மன் அருள் நிறையக் கிடைக்கட்டும். அதை எதுவும் எல்லைப்படுத்தாது என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தம்பையா

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது செய்தி வந்தது. மேட்டு லயத்து அரிசியைத் தொடமாட்டோம் என்று பணிய லயத்தாரும், பணிய லயத்துச் சர்க்கரையை வாயில் வைக்கமாட்டோம் என்று நம் லயத்தாரும் முடிவெடுத்துவிட்டார்களாம். சுதர்ஷினி மறுபடி கணக்குப் பார்த்து, "இப்ப கொறையிறது திங்கிற வாய்தாம்ப்பா" என்றாள். ஆகையால் அண்டா வேண்டாம். பஸ்ஸில் அண்டா வைக்கும் இடத்தில், நல்ல பசியுள்ள ஆட்களாகப் பார்த்து ஏற்றிக்கொண்டு வாருங்கள்.