விசில் அங்கிள் பார்க்காத பள்ளத்தாக்கு

டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் எந்தத் தமிழ்க் குடும்பமும் விசில் அங்கிளின் திட்டமில்லாமல் சுற்றுலா போய்த் திரும்பியதாகச் சரித்திரமே இல்லை. ஆபீஸில் பரம சாதுவான இன்ஜினியர். வேனில் ஏறிவிட்டால் கழுத்தில் விசில் தொங்கும். அவர் ஊதினால் அருவிகூடக் கொஞ்சம் நின்று விழும்.

போன வருடம் ஹவாயின் மாவி தீவுக்கு மூன்று குடும்பமாகப் போனோம். அங்கிளுக்கு அங்கே ஈயாவ் பள்ளத்தாக்குதான் உயிர். மாதக்கணக்கில் அதையே பேசினார். மற்ற இடமெல்லாம் வழியில் கன்னத்தில் போட்டுக்கொண்டு கடக்கும் பிள்ளையார் கோயில் மாதிரி. கருமணல் கடற்கரையில் கால் நனையும் முன் விசில். எரிமலை உச்சியில் சூரியன் முழுசாக வரும் முன் விசில்.

“அது டெய்லி வர்றதுதாம்மா. வேன்ல ஏறுங்க.”

என் கவலை வேறு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு தீவையே காட்டுகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக் கூட்டி வந்திருந்தேன். அடுத்த வாரம் அவர் சாத்தூர் திரும்புவதாக இருந்தது. ஆனால் எங்குமே வேனை விட்டு இறங்கவில்லை. புளியோதரை இருந்த கூலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“நீங்க போயிட்டு வாங்க. சாமானுக்கு ஒரு ஆள் வேணும்ல.”

“இங்க யாரும்மா புளியோதரையத் திருடப்போறா?”

“நீ கண்டியா?”

“அப்ப நான் இருக்கேன்.”

“காசு போட்டு வந்தவ நீ பாரு தாயி.”

பள்ளத்தாக்கிலும் அதே பேச்சு. உள்ளே போக புக் பண்ணிய ஒன்றரை மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை முட்டியது. அங்கிள் வேனுக்குள் தலையை நீட்டினார்.

“ஏம்மா, சாமான் பாத்துக்க வேற ஆள் இருந்தா இறங்குவீங்களா?”

“இருந்தா எறங்க மாட்டனா சார்?”

அங்கிள் ஏறி உட்கார்ந்து கூலரை மடியில் வைத்துக்கொண்டார். “போய்ட்டு வாங்க. ஒரு பருக்கை குறையாது.”

மலைகளுக்கு நடுவே பச்சைப் பாறை ஒன்று ஊசியாக நின்றது. கீழே ஓடை. அம்மா கரையில் உட்கார்ந்தார், எழவேயில்லை. நான் விசிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவேயில்லை.

திரும்பியபோது எங்கள் நேரம் முடிந்திருந்தது. அடுத்த கூட்டம் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

“அங்கிள், நீங்க பாக்கலையே.”

“விடும்மா” என்று அம்மா பக்கம் திரும்பினார். “எப்படி இருந்துச்சு, சொல்லுங்க.”

அடுத்து போக வேண்டிய மீன் காட்சியகம் வரை அம்மா சொல்லிக்கொண்டே வந்தார்.

இப்போதும் யாராவது மாவி போகிறோம் என்றால் அங்கிள் விசிலைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பிக்கிறார். “அந்தப் பாறை இருக்கே, குளிச்சிட்டுத் தல தொவட்டாம நிக்கிற புள்ள மாதிரி நிக்கும்.”

அம்மா சொன்னதுதான். ஒரு வார்த்தை மாற்றவில்லை.